எண்விசைகளால் நகரும் அம்புக்குறி



மின்கட்டணம் செலுத்துவதற்கும், இரயிலில் இடம் பதிவு செய்வதற்கும், பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்ப்பதற்கும், அயல்நாட்டில் பணிபுரியும் மகனுக்கு மடல் விடுப்பதற்கும் இன்று கணினி வேண்டியிருக்கிறது. பங்கு அலுவலகங்களிலும் திருமுழுக்குப் பதிவேட்டின் படிகள் கணினியில் ஏறிவருகின்றன. இந்தக் கருவி நம்மிடம் ஒரு நிபந்தனை விதிப்பதை நம்மில் பலர் உணர்வதில்லை. 'மவுஸ்' எனப்படும் சிறு கருவியைக் கையில் பற்ற வேண்டும். மேசைமீது அதை நேராக நகர்த்த வேண்டும். திரையில் கடுகளவாகத் தோன்றும் இடத்தில் அம்புக்குறியைச் சரியாக நிறுத்த வேண்டும். நிறுத்திய கை அசையாமல் விரலால் அழுத்த வேண்டும். நலமுள்ள கைக்கு இந்த நான்கும் ஒரு நொடி வேலை. நலம் குன்றிய கைக்கோ இது ஏற முடியாத மதில்.

முடக்குவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், பார்க்கின்சன் நோயினால் கை நடுங்குபவர்கள், பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உடையவர்கள், மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப் போன முதியோர், விபத்தில் கையை இழந்தவர்கள் ஆகியோரை எண்ணிப் பாருங்கள். இவர்களுள் ஒருவரேனும் இல்லாத பங்கு உண்டோ? அறிவு தெளிவாக இருக்கிறது; எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தும் ஆற்றலும் இருக்கிறது. மவுஸை மட்டும் ஆள இயலவில்லை. அதன் பொருட்டு, தம் வங்கிக் கணக்கைத் தாமே பார்க்க முடியாமல், தம் கடிதத்தைத் தாமே எழுத முடியாமல், பேரப் பிள்ளை பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார்கள்.

இந்த மதிலில் ஒரு வாயில் முன்னரே அமைக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை. புதிதாக எதையும் வாங்கிப் பொருத்த வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. விசைப்பலகையின் எண்களைக் கொண்டே அம்புக்குறியை நகர்த்தும் அவ்வசதிக்கு 'மவுஸ் கீஸ்' என்று பெயர். வீட்டுக் கணினிக்குள் உறங்கிக் கிடக்கும் இதனை எழுப்புவது எவ்வாறு என்பதை இத்திங்கள் காண்போம்.

மரக்கட்டையில் பிறந்த மவுஸ்

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பர்ட் என்னும் அறிஞர், திரையிலுள்ள பொருள்களைச் சுட்டுவதற்கு எளிய வழி தேடினார். அவர் எண்ணியதை அவருடைய துணைவர் பில் இங்கிலிஷ் 1964ஆம் ஆண்டளவில் உருவாக்கிக் கொடுத்தார். அது ஒரு சிறு மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், வால்போல ஒரு கம்பி. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய கணினி அறிஞர்கள் முன்னிலையில் எங்கல்பர்ட் அதனை இயக்கிக் காட்டினார். அன்று அவருடைய வலக்கையில் மவுஸ் இருந்தது. இடக்கையின் கீழ் ஐந்து விசைகள் கொண்ட வேறொரு சிறு கருவி இருந்தது. இரு கைகளும் விரைந்து இயங்கும் மனிதரையே அக்காலத்தார் மனக்கண்முன் நிறுத்தியிருந்தனர் என்பது இதிலிருந்து விளங்கும்.

1984ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் மக்கின்டாஷ் என்னும் கணினியை வெளியிட்டது. படங்களைச் சுட்டி வேலை வாங்கும் முறை பொதுமக்களிடையே பரவுவதற்கு அது பெரிதும் காரணமாயிற்று. ஆனால் அந்த முதல் மக்கின்டாஷின் விசைப்பலகையில் அம்பு விசைகளே இல்லை. எண்களுக்கெனத் தனித் தொகுதியும் இல்லை. மக்கள் மவுஸையே பழகிக்கொள்ள வேண்டும் என்று கருதி அவ்வாறு அமைத்தனர். பெரும்பாலோருக்கு அது வசதியாக முடிந்தது. கை வழங்காதவர்களுக்கோ, முன்பு விசைகளால் ஒருவாறு செய்து வந்த வேலையும் கைநழுவிப் போயிற்று. பலருக்கு நன்மையான ஒரு மாற்றம் சிலரை வெளியே நிறுத்திவிடுவதும் உண்டு. தீய எண்ணம் எவருக்கும் இல்லாதபோதே இது நிகழ்கிறது.

வாயிலைத் திறந்தவர்கள்

இக்குறையை உணர்ந்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1971ஆம் ஆண்டு கிரெக் வாண்டர்ஹைடன் என்பவர் தொடங்கிய பணி, 'டிரேஸ் மையம்' என்னும் ஆய்வு நிலையமாக வளர்ந்தது. மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத ஒரு சிறுவன் தன் எண்ணத்தைப் பிறருக்குத் தெரிவிப்பதற்கு ஒரு கருவி செய்து தருவதே அவர்களது முதல் முயற்சி. ஒரு சிறுவனுக்காகத் தொடங்கிய வேலை, பின்னர் உலகிலுள்ள கோடிக்கணக்கான கணினிகளில் இடம் பெற்றது.

இம்மையத்தார் கண்ட வழிகள் சில. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விசைகளை அழுத்த இயலாதவர், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். கை நடுங்கி ஒரே விசையைப் பன்முறை தொட்டுவிட்டால், கணினி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். மவுஸைப் பிடிக்க இயலாதவர் எண்விசைகளால் அம்புக்குறியை நகர்த்தலாம். 1980களின் பிற்பகுதியில் ஆப்பிள் கணினிகளில் இத்தகைய வசதிகள் இடம் பெற்றன. டிரேஸ் மையத்தின் முறைகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் ஏற்று, 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24இல் வெளியிட்ட விண்டோஸ் 95இல் உடனமைந்த உறுப்பாகவே சேர்த்துவிட்டது. அன்று முதல், விண்டோஸ் உள்ள கணினியை வாங்கும் ஒவ்வொருவரும் இவ்வசதியையும் சேர்த்தே வாங்குகிறார்கள். வாங்கியது தெரியாமல் இருக்கிறார்கள், அவ்வளவே.

எட்டுத் திசையும் நடுவில் ஐந்தும்

முழு அளவுள்ள விசைப்பலகையின் வலப்புறத்தில் எண்கள் தனித் தொகுதியாக இருக்கும். கைபேசியில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும்; இத்தொகுதியிலோ 7, 8, 9 மேலே, 4, 5, 6 நடுவே, 1, 2, 3 கீழே அமைந்திருக்கும். இதனை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் கணினியில் இடப்பக்கத்து ஆல்ட், இடப்பக்கத்து ஷிப்ட், நம் லாக் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், மவுஸ் கீஸ் வசதியை இயக்கலாமா என்று கணினி கேட்கும். ஆம் என்று விடையளிக்க வேண்டும். மூன்றையும் ஒருங்கே அழுத்த இயலாதவருக்கு வீட்டிலுள்ளோர் ஒருமுறை அமைத்துக் கொடுக்கலாம். விண்டோஸ் 11 ஆயின், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆக்சஸிபிலிட்டி' என்பதைத் திறந்து, அதில் 'மவுஸ்' என்பதன்கீழ் இதனைக் காணலாம். விண்டோஸ் 10இல் அப்பகுதிக்கு 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்' என்று பெயர்.

இயக்கியபின் எண்கள் திசைகளாகிவிடுகின்றன. 8 மேலே கொண்டுபோகும், 2 கீழே இறக்கும், 4 இடப்பக்கம், 6 வலப்பக்கம். மூலைத் திசைகளுக்கு 7, 9, 1, 3 உதவும். எட்டு எண்கள் எட்டுத் திசைகளைக் காட்ட, நடுவிலுள்ள 5 மவுஸின் பொத்தானாக நிற்கிறது. அதை ஒருமுறை அழுத்தினால் ஒரு சொடுக்கு. இருமுறை சொடுக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறியுள்ள விசையை அழுத்தினால் போதும்.

மவுஸில் வலப்பொத்தான் ஒன்றும் உண்டன்றோ? அதற்குக் கழித்தல் குறியை ஒருமுறை அழுத்திவிட்டு, பின்னர் 5ஐ அழுத்த வேண்டும். மீண்டும் இடப்பொத்தானுக்குத் திரும்ப, வகுத்தல் குறிபோன்ற சாய்கோட்டு விசையை அழுத்த வேண்டும். பழகாதவர்கள் தடுமாறும் இடம் இதுவே. 5ஐ அழுத்தும்போதெல்லாம் தேவையற்ற பட்டியல் விரிகிறதெனில், சாய்கோட்டு விசையை ஒருமுறை தொட்டால் சரியாகிவிடும்.

ஒரு கோப்பைப் பற்றி இழுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டுமா? மவுஸினால் செய்வதாயின், பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமலே கையை நகர்த்த வேண்டும். நடுங்கும் கைக்கு மிகக் கடினமான செயல் இது. எண்விசைகளிலோ, அம்புக்குறியைக் கோப்பின்மீது நிறுத்தி 0வை அழுத்தினால், கணினி அதைப் பற்றிக்கொள்ளும். கையை எடுத்துவிடலாம், சற்று ஓய்வும் கொள்ளலாம். பிறகு திசை விசைகளால் வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, புள்ளியுள்ள விசையை அழுத்தினால் அங்கே வைத்துவிடும்.

அம்புக்குறி ஊர்ந்து செல்கிறதே என்று சலிப்பவர்கள் அமைப்புப் பகுதியில் அதன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 'கன்ட்ரோல்' விசையை அழுத்தியபடி நகர்த்தினால் விரையும், 'ஷிப்ட்' விசையை அழுத்தியபடி நகர்த்தினால் மெல்லச் செல்லும்படியும் அங்கே அமைக்கலாம். எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டிவந்தால், நம் லாக் விசை எண்களுக்கும் திசைகளுக்கும் இடையே மாற்றிக் கொடுக்கும்.

சிறிய மடிக்கணினிகளில் எண் தொகுதி இராது. அங்கே தனியாக விற்கும் எண்விசைப் பலகை ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் மடிக்கணினியில் அதுவும் தேவையில்லை. அதன் அமைப்புப் பகுதியில் 'ஆக்சஸிபிலிட்டி' என்பதன்கீழ் 'பாயின்டர் கன்ட்ரோல்' என்னுமிடத்தில் இவ்வசதியை இயக்கினால், ஐ என்னும் எழுத்து நடுப்பொத்தானாகி, அதைச் சுற்றியுள்ள 7, 8, 9, யு, ஓ, ஜே, கே, எல் ஆகியவை எட்டுத் திசைகளாகிவிடும். எம் பற்றிக்கொள்ளும், புள்ளி விட்டுவிடும்.

எங்கே உதவும், எங்கே உதவாது

விசைகளாலேயே செய்யக்கூடிய வேலைகளுக்கு அம்புக்குறியே தேவையில்லை என்பதையும் கூற வேண்டும். 'டேப்' விசை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும். 'என்டர்' விசை திறக்கும். ஆல்ட் விசையுடன் டேப் விசையை அழுத்தினால் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாம். ஆயினும், டேப் விசை எட்டாத பொத்தான்களும் சில திரைகளில் உண்டு. படம் வரைதல், படத்தை வெட்டி ஒட்டுதல் போன்றவற்றுக்கும் சுட்டும் கருவி வேண்டும். அங்கெல்லாம் கைகொடுப்பதே மவுஸ் கீஸ். விசைகளை முதற்கண் பழகி, அவை முடியுமிடத்தில் இதனைத் துணைக்கு அழைப்பதே நல்ல முறை.

வாயில் குச்சியைக் கவ்வியோ, தலையில் கட்டிய கோலினாலோ விசைகளைத் தொட்டு எழுதுபவர்களுக்கும் இது பயன்படுகிறது. ஒரு நேரத்தில் ஒரு விசை போதுமன்றோ? உடல்நலம் உள்ளவர்களுக்கும் சில வேளைகளில் இது துணை நிற்கும். ஞாயிறன்று வழங்க வேண்டிய பங்கு மடலை அச்சுக்கு அனுப்பும் இரவில் மவுஸ் பழுதாகிவிட்டால், இவ்வெண்விசைகளே வேலையை முடித்துத் தரும். ஒரு படத்தை மயிரிழை அளவு நகர்த்த வேண்டிய இடத்திலும் கையைவிட இவை நுட்பமாக இயங்கும்.

இதன் குறையையும் மறைக்கலாகாது. இது மவுஸைவிட மெதுவானது. விசைகளைத் தொடவும் இயலாதவருக்கு இது பயன்படாது. அத்தகையோர்க்குக் குரலால் ஆணையிடும் வசதியும், கண்ணின் அசைவைப் பின்பற்றும் கருவிகளும் வந்துள்ளன. ஆப்பிள் கணினிகளில் 2019ஆம் ஆண்டு முதலும், விண்டோஸ் 11இல் 2022ஆம் ஆண்டு முதலும் குரல்வழி இயக்கும் வசதி இடம் பெற்றிருக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதை, பயன்படுத்துபவரே சிலநாள் முயன்று தேர்ந்துகொள்ள வேண்டும்.

நடுங்கிய கையும் திருச்சபையும்

2001ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் வத்திக்கானில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூர்வது தகும். ஓசியானியா மறைமாவட்டங்களுக்கென எழுதிய திருமடலை, பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கிளமெந்தீன் மண்டபத்தில் ஒரு மடிக்கணினியின் முன் அமர்ந்து மின்னஞ்சல் வழியே அனுப்பினார். தொலைவிலுள்ள தீவுகளுக்கு நேரில் சென்று அதனை வழங்க அவருடைய உடல்நிலை இடந்தரவில்லை. அப்போதே அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கிருந்தது பார்க்கின்சன் நோய் என்பதை 2003ஆம் ஆண்டு வத்திக்கான் ஒப்புக்கொண்டது. செல்ல இயலாத இடத்துக்கு ஒரு கருவி அவருடைய சொல்லைக் கொண்டு சேர்த்தது. நடுங்கும் கையை மறைக்காமல் உலகின் முன் நீட்டிய அப்பெருமகனார், 2000ஆம் ஆண்டு யூபிலியின்போது டிசம்பர் 3ஆம் நாளை மாற்றுத்திறனாளிகளின் யூபிலி நாளாகக் கொண்டாடினார்.

அதற்கும் முன்னரே, ஐக்கிய நாடுகள் அவை 1981ஆம் ஆண்டை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தபோது, அவ்வாண்டு மார்ச் 4இல் திருப்பீடம் ஓர் ஏட்டை வெளியிட்டது. உடலில் எக்குறை இருப்பினும் மனிதன் முழு மனிதனே என்பதும், அவனுடைய உரிமைகள் புனிதமானவை என்பதும், அவனைச் சமூகத்தின் வாழ்வில் பங்குகொள்ளச் செய்ய வேண்டும் என்பதும் அதன் சாரம். நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதம், பார்க்கின்சன் நோய் உட்பட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. சட்டம் உரிமையைத் தரும். அவ்வுரிமை வீட்டு மேசைமீதுள்ள கணினிவரை வந்து சேர்வதற்கு அன்புள்ளம் படைத்த ஒருவர் வேண்டும்.

கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். வீட்டு வாயிலைக் கூட்டம் அடைத்திருந்தது. அங்கிருந்தோர் எவரும் அவனை வெறுக்கவில்லை, இடமில்லை, அவ்வளவுதான். அந்நால்வரும் இயேசுவின் சொற்களைக் கேட்டுவந்து அவனிடம் சொல்வதோடு நிறைவடைந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், கூரையைப் பிரித்து அவனையே ஆண்டவரின் முன்னிலையில் இறக்கினார்கள். ஒருவருக்காக நாமே ஒரு வேலையைச் செய்து கொடுப்பது உதவி. அவரே அதனைச் செய்வதற்குக் கூரையைப் பிரித்து வழிவிடுவது அதனினும் பெரிய அன்பு.

முடக்குவாதத்தால் வலக்கை செயலிழந்த தந்தை ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாதந்தோறும் அவருடைய ஓய்வூதியக் கணக்கை மகன் திறந்து பார்த்துச் சொல்கிறான், நல்ல மகனே. ஆனால் தம் கணக்கைத் தாம் பார்க்கவும், தம் நண்பருக்குத் தாம் விரும்பிய சொற்களில் மடல் எழுதவும் அவருடைய உள்ளம் ஏங்காதோ? மகனிடம் சொல்லி எழுதுவிக்க முடியாத செய்திகளும் ஒரு மனிதனுக்கு உண்டு. அரைமணி நேரம் அமர்ந்து மகன் இவ்வசதியை அமைத்து, எட்டுத் திசைகளையும் பழக்கிவிடுவானாகில், அத்தந்தைக்குத் திரும்பக் கிடைப்பது கணினி மட்டுமன்று. தம் வாழ்வைத் தாமே ஆளும் மதிப்பும் கிடைக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டில் கை நலம் குன்றியவர் இருந்தால் அவரிடமே கேளுங்கள். பார்வையற்ற பார்த்திமேயு தம்மை அணுகியபோது, அவனுடைய தேவை கண்கூடாகத் தெரிந்திருந்தும், தாம் என்ன செய்ய வேண்டுமென்று இயேசு அவனையே கேட்டார். இரண்டாவது, கற்பிக்கும்போது விசைகளை உங்கள் விரலால் அழுத்திக் காட்டிவிட்டு, உடனே கையை எடுத்துவிடுங்கள். மெல்லச் செய்கிறாரே என்று பொறுமையிழந்து மவுஸைப் பிடுங்குவது, கற்றுக்கொடுத்ததை அழித்துவிடும். மூன்றாவது, கணினி வாங்கும்போது எண் தொகுதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் பங்குகளில் இளையோர் இயக்கங்கள் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையினர் இல்லங்களைச் சந்திக்கின்றனர். அரிசியும் மருந்தும் கொண்டு செல்லும் அச்சந்திப்புகளில், கணினி அறிந்த இளைஞர் ஒருவரும் உடன் செல்லலாமே! பங்கின் பெயரால் இணையப் பக்கம் அமைப்பவர்கள், மவுஸைத் தொடாமல் விசைகளால் மட்டும் அதனை ஒருமுறை பார்த்து முடியுங்கள். உங்களுக்கு எங்கே தடை நேர்கிறதோ, அங்கேதான் ஒரு சகோதரர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்.

இம்முயற்சிக்குப் பெருஞ்செல்வம் வேண்டாம், பெரும்புலமையும் வேண்டாம். ஒரு மாலைப்பொழுதும் சிறிது பொறுமையும் போதும். இத்திங்களில் ஒரு ஞாயிறு மாலையை இதற்கென ஒதுக்குவோம். நம் இல்லத்திலோ அண்டை இல்லத்திலோ ஒரு நடுங்கும் விரல் 5 என்னும் விசையைத் தானே அழுத்தித் தான் விரும்பியதைத் திறக்குமாயின், அந்த மாலை ஆண்டவருக்கு உகந்த காணிக்கையாகும்.